45 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டிய சிவப்பு விளக்கு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். சென்ற கோடையில் ரீடிங் எடுக்க வந்தவர் 518 யூனிட் என்றதும் அப்பா இடிந்துபோய்விட்டார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணம் போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் அடுத்த படியின் விலைதான். வெறும் 18 யூனிட்டால் வந்த நஷ்டம்.

இத்தனைக்கும் ஆளில்லாத அறையில் அப்பா விளக்கு எரிய விடமாட்டார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு இருட்டில் கிடந்த நாட்களை அவர் மறக்கவே இல்லை. அப்படியானால் மின்சாரம் எங்கேதான் போகிறது?

ஓர் இரவு எல்லாவற்றையும் வழக்கம்போல அணைத்தோம். ஃப்ரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் சிறிது நேரம் சுவிட்சிலேயே நிறுத்தினோம். பிறகு மாடிப்படிக்குக் கீழே மீட்டர் முன்னால் கைபேசிக் கடிகாரத்துடன் நின்றேன். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட், முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எதுவுமே ஓடாத வீட்டில் அது 45 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டியது. அதாவது 25 வாட். இரவும் பகலும் இப்படியே போனால் இரண்டு மாதத்தில் 36 யூனிட்!

ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தேன். மைக்ரோவேவ், வாஷிங் மெஷின் இரண்டிலும் பெரிய மாற்றமில்லை. செட்டாப் பாக்ஸை அணைத்ததும் இடைவெளி ஒன்றரை நிமிடமாகிவிட்டது. பாதியைக் குடித்தது அந்தச் சின்னப் பெட்டிதான். ரிமோட்டில் அணைத்தாலும் அது உள்ளே விழித்தே இருக்கிறது; நள்ளிரவில் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. மீதியில் பெரும்பங்கு இணைய மோடம்.

ஃப்ரிட்ஜையும் விடவில்லை. கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் தடையே இல்லாமல் வந்தது. ரப்பரை மாற்றினோம். இப்போது கம்ப்ரசர் நடுநடுவே ஓய்வெடுக்கிறது.

செட்டாப் பாக்ஸின் சுவிட்ச் டிவி மேசைக்குப் பின்னால் இருந்தது. முழங்கால் வலியோடு அம்மா தினமும் குனிய முடியாது. சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் மாட்டிக் கொடுத்தார் அப்பா. அப்போதும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி உயிர்பெற இரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் தொடர் ஆரம்பித்துவிடும் என்றார். நியாயமான குறைதான்.

அடுத்த ரீடிங் 486. அம்மா இப்போது சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போதே சுவிட்சைப் போட்டுவிடுகிறார். திரும்பி வருவதற்குள் படம் வந்துவிடுகிறது.