9ஆம் பிரிவு அப்படியே இருக்க, ஜப்பான் டோமஹாக் வாங்குவது எப்படி?

வடகடல்:
ஜப்பான் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு தரை, கடல், வான் படை எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது. அப்புறம் தொலைவிலுள்ள இலக்கை அடிக்கும் 400 அமெரிக்க டோமஹாக் ஏவுகணை எந்தக் கணக்கில்? 2014இல் அப்போதைய பிரதமர் ஷின்சோ அபே அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார் என்று படித்தேன், சரியா?

பழையகோப்பு:
இல்லை. திருத்த வேண்டுமானால் 96ஆம் பிரிவுப்படி இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பிறகு பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். 1947க்குப் பிறகு ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம் அரசு சொல்லும் பொருள்தான்.

கொரியப் போர் மூண்டதும் 1950இல், ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேசப் படைகளின் தலைவரான அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் உத்தரவுப்படி 75,000 பேருடன் ஒரு 'போலீஸ் ரிசர்வ்' உருவானது. 1954இல் அதன் வாரிசாகத் தற்காப்புப் படை வந்தது. தற்காப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச பலம், 9ஆம் பிரிவு தடுக்கும் 'போர்த்திறன்' ஆகாது என்பது அரசின் வாதம். 1972 விளக்கம் இன்னொரு கோடு போட்டது: தன்னைத் தாக்கினால் திருப்பி அடிக்கலாம், நட்பு நாட்டுக்காக அடிக்கக் கூடாது.

2014 ஜூலை 1 அமைச்சரவை முடிவு தளர்த்தியது இந்தக் கோட்டைத்தான். அதுவும் மூன்று நிபந்தனைகளோடு: நெருங்கிய நாட்டின் மீதான தாக்குதலால் ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து வரவேண்டும்; வேறு வழி இருக்கக் கூடாது; பயன்படுத்தும் பலம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அமைச்சரவை முடிவை மட்டும் வைத்துப் படையை நகர்த்த முடியாது என்பதால் 2015 செப்டம்பரில் சட்டம் நிறைவேறி, 2016 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

தென்காற்று:
டோமஹாக்கை 2014உடன் முடிச்சுப் போடாதீர்கள். பத்திரிகைகள் வழக்கமாகக் குழப்பும் இடம் இது.

ஏவுகணைத் தாக்குதலைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் எதிரியின் ஏவுதளத்தை அடிப்பதும் தற்காப்பில் சேரும் என்று 1956இலேயே இச்சிரோ ஹடோயாமா அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. சட்டக் கதவு அன்றே திறந்தாயிற்று. ஆனாலும் அதற்கான ஆயுதத்தை வாங்கவில்லை. ஈட்டி அமெரிக்காவுக்கு, கேடயம் ஜப்பானுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். 2022 டிசம்பரில் அரசு வெளியிட்ட மூன்று பாதுகாப்பு ஆவணங்கள் மாற்றியது இந்த ஏற்பாட்டைத்தான்: எதிரித் தளத்தை அடிக்கும் ஆயுதத்தை ஜப்பானும் வைத்துக்கொள்ளும். டோமஹாக் வருவது இந்தக் கணக்கில்.

முந்திக்கொண்டு அடிக்க இப்போதும் அனுமதியில்லை. எதிரி தாக்குதலைத் தொடங்கியிருக்க வேண்டும். சிக்கலே இங்கேதான். சேதம் ஏற்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்கிறது அரசு. அப்படியானால் 'தொடங்கியது' எந்த நொடியில்? அதை அந்தந்தச் சூழலைப் பார்த்து முடிவெடுப்போம் என்பதே பதில். நகரும் வண்டியிலிருந்து ஏவுகணை விடும் எதிரிக்கு முன்னால் இந்தப் பதில் எவ்வளவு தாங்கும் என்பது சந்தேகம்தான்.

வடகடல்:
நன்றி, இப்போது புரிகிறது. பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற அந்த உச்சவரம்பு?

பழையகோப்பு:
அதுவும் சட்டமல்ல. 1976இல் பிரதமர் மிக்கியின் அமைச்சரவை எடுத்த முடிவு. அதனால்தான் பின்னர் பிரதமரான நாகசோனே 1987 பட்ஜெட்டில் நூலிழை தாண்டிப் போக முடிந்தது. 2022 பாதுகாப்புச் செலவுத் திட்டமோ ஐந்தாண்டுக்கு 43 லட்சம் கோடி யென். ஆனால் யென் சரியச் சரிய, டாலரில் வாங்கும் டோமஹாக் போன்றவை அந்தப் பணத்தில் கூடுதல் பங்கைத் தின்றுவிடும்.