விற்பனைக்கு முன் வீட்டு ஆய்வு: சுவரில் ஈரம், உடனே உதவி வேண்டும்

புதுமனை:
வணக்கம். வீட்டை விற்கிறோம். வாங்குபவர் தரப்பு ஆய்வாளர் அடுத்த வாரம் வருகிறார். படுக்கையறைச் சுவரில் பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. பட்டி பார்த்து இரண்டு பூச்சு அடித்தால் போதுமா? டிரிப் சுவிட்சும் அடிக்கடி விழுகிறது. வேறு என்னென்ன பார்ப்பார்கள்? அவசரம்.

செங்கல்:
வெளிச்சுவரா, உட்சுவரா? தரைத்தளமா, மாடியா? பொரிவு எந்த உயரம் வரை இருக்கிறது? சுவருக்கு மறுபக்கம் என்ன? இவற்றைச் சொல்லாமல் வைத்தியம் கேட்கிறீர்கள்.

தூக்குக்குண்டு:
இது ஓதம்தான், சந்தேகமே வேண்டாம். அடித்தளத்தின் ஓதத்தடுப்புப் படலம் கெட்டு, மண்ணின் ஈரத்தைச் செங்கல் மேலே உறிஞ்சுகிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பாருங்கள். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீர்விலக்கு மருந்து செலுத்த வேண்டும்.

மின்பணி:
விழுவது எது? ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக இருக்கும் சாதாரண எம்சிபி சுவிட்சா, சோதனைப் பொத்தான் உள்ள ஆர்சிசிபியா? ஆர்சிசிபி என்றால் மின்கசிவு. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுவதுதான் இருக்கும். ஈரச் சுவருக்குள் ஓடும் ஒயரே அதைத் தட்டிவிடப் போதும். எம்சிபிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த இணைப்பில்தான் கோளாறு. எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் ஒயர் எர்த் ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதில் நீங்கள் கைவைக்காதீர்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

மூத்தகுடி:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமைகூட இல்லாதவர்கள் வீட்டை எப்படிப் பராமரித்திருப்பார்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன். மின்பலகை, பரண், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் திறப்பு எல்லாவற்றுக்கும் வழிவிட்டு வையுங்கள். பூட்டிய அறைகளின் சாவி கையில் இருக்கட்டும். ஆய்வாளர் அலமாரியை நகர்த்த மாட்டார். 'பார்க்க இயலவில்லை' என்று எழுதிவிட்டுப் போவார். வாங்குபவருக்குப் பயம் பிடிக்க அந்த ஒரு வரி போதும். மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுங்கள். கதவு நிலைகளில் கரையான் மண்தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலைக்கதவு:
பெயின்ட் அடிப்பதில் என்ன தவறு? விற்கிற வீட்டைப் பளிச்சென்று வைப்பது எல்லாரும் செய்வதுதானே.

செங்கல்:
நான்கு சுவர்களில் ஒன்று மட்டும் புதிதாக மின்னினால் ஈரமானியை முதலில் அங்கேதான் வைப்பார்கள். பூச்சு காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் காட்டும். மறைத்தீர்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால், சரியாக இருக்கும் மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள்.

நிலைக்கதவு:
குறையைக் கண்டுபிடிப்பது ஆய்வாளர் வேலை. நாமே எதற்குச் சொல்ல வேண்டும்?

செங்கல்:
தெரிந்த குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும், அந்த அறையில் படுத்து உறங்கப்போவது ஒரு குடும்பம். அதை நினைத்துப் பாருங்கள்.

மூத்தகுடி:
தர்க்கத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் எங்கே?

புதுமனை:
மன்னிக்கவும், வெளியே இருந்தேன். மாடி. உட்சுவர். இடுப்புயரம் வரை. மறுபக்கம் குளியலறை.

தூக்குக்குண்டு:
மாடியா? அப்படியானால் மழைநீர் வெளிச்சுவர் வழியாக இறங்கி...

செங்கல்:
உட்சுவர் என்கிறார். மறுபக்கம் குளியலறை என்கிறார். இதற்கு மேலுமா? புதுமனை, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்க வேண்டாம். தொட்டியிலிருந்து வரும் நீர் என்றால், உள்வரும் வால்வையும் அடைத்துவிட்டுத் தொட்டியின் மட்டத்தைக் குறியுங்கள். எண்ணோ மட்டமோ மாறினால் தண்ணீர் கொண்டுவரும் அழுத்தக் குழாயில் கசிவு. மாறாவிட்டால் கழிவுக்குழாயையும் டைல் இடுக்குகளையும் பாருங்கள். அதுவரை பட்டியைத் தொடாதீர்கள்.

புதுமனை:
மீட்டர் நகரவில்லை. ஷவருக்கு அடியில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் டைல் இடுக்கு பிளந்திருக்கிறது. நாளை ஆள் வருகிறார். சுவரைச் சுரண்டிக் காயவிட்டிருக்கிறேன். ஆய்வாளரிடம் பழுதுபார்த்த ரசீதையும் காட்டிவிடப்போகிறேன். நன்றி.

மின்பணி:
டிரிப் என்ன ஆயிற்று? அந்த ஈரச் சுவரில் பிளக் பாயின்ட் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சுவர் காயும்வரை அந்த எம்சிபியை இறக்கியே வையுங்கள்.

தூக்குக்குண்டு:
கீழ்த்தளச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மின்பணி:
புதுமனை, பதில் எழுதுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடா?