நாற்பது பக்க வறட்சியைப் பத்துப் பழம் தீர்த்துவிட்டது. மந்திரத்தைத் தடை செய்வதா, உலகத்தை மாற்றுவதா?

வரைபடப்பித்தன்:
நண்பர்களோடு ஆடும் கதை விளையாட்டுக்காக எட்டு மாதமாக ஒரு உலகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். 300 வருடங்களுக்கு முன் வானத்தில் ஓடிய மந்திர நதி அறுந்துபோகிறது. மழை நிற்கிறது, பேரரசு சரிகிறது, மிஞ்சியவர்கள் இடிபாடுகளுக்கு நடுவே பிழைப்பு நடத்துகிறார்கள். அரச வம்சங்கள், போர்கள், மதப் பிளவுகள் என்று நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். விதிகள், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு.

போன வாரம் முதல் செஷன், அதாவது முதல் நாள் ஆட்டம். நாக்கு வறண்டு, வயிறு ஒட்டி, நான்கு பேரும் மணலில் தள்ளாடி நடப்பதை மூச்சுப்பிடித்து வர்ணித்தேன். ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரம் போடும் பாத்திரத்தை ஆடுகிறவர் நிதானமாகக் கேட்டார்: "குட்பெர்ரி போடட்டுமா?" முதல் லெவல் மந்திரம். பத்துப் பழம் வரும், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் தாங்கும். நாலு பேர் சாப்பிட்டது போக மீதி ஆறு பழத்தைக் கிராமத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, "அடுத்து எங்கே போகணும்?" என்றார்கள். எட்டு மாத உழைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இப்போது என்ன செய்யட்டும்?

கல்மண்டபம்:
மந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். நாற்பது பக்கத்தில் அரசர்களின் பெயர்கள் இருக்கின்றன, எது உடைந்தது என்ற கணக்கு இல்லை. மந்திர நதி அறுந்துவிட்டது என்றால் ட்ரூயிட்டுக்கு எங்கிருந்து மந்திரம் வருகிறது? இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்திருந்தால் அந்தப் பழம் முளைத்தே இருக்காது.

இதே விளையாட்டுக்காக 1991-இல் வந்த டார்க் சன் உலகத்தைப் பாருங்கள். அங்கே மந்திரவாதி மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்சியே போடுகிறான், அளவு பாராமல் உறிஞ்சினால் காலடியில் சாம்பல்தான் மிஞ்சும். உலகம் ஏன் பாலைவனமானது, மந்திரவாதியைக் கண்டால் ஜனங்கள் ஏன் கல்லெடுக்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே காரணம். உலோகம் அரிது, அதனால் எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம், நாணயம்கூடச் சுட்ட மண். காரணத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

பகடைஉருட்டி:
இதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். உலகம் எப்படி அழிந்தது என்று ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கே தெரிய வேண்டியதில்லை. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டில் அழிவுக்குக் காரணம் என்ன என்று புத்தகம் சொல்வதே இல்லை. நடத்துகிறவர் கதையை முன்கூட்டித் தயாரிக்கவும் கூடாது. முதல் செஷனில் ஆடுகிறவர்களிடம் கேள்வி கேட்கிறார்: தண்ணீர் யார் கையில்? நீ யாருக்குப் பயப்படுகிறாய்? அவர்கள் சொல்லச் சொல்ல உலகம் உருவாகிறது.

பித்தன், உங்கள் நாற்பது பக்கத்தில் எத்தனை வரி டேபிளில் பேசப்பட்டது?

வரைபடப்பித்தன்:
ஒன்று. "மழை பெய்து 300 வருடமாச்சு."

பகடைஉருட்டி:
அதுதான்.

கல்மண்டபம்:
டேபிளில் பேசப்படாதது வீண் என்றால் வீட்டுக்கு அஸ்திவாரமும் வீண்தான். ஆடுகிறவர்களிடம் கேட்டு உலகம் கட்டினால், நாலாவது செஷனில் ஒருவர் சொன்னது ஏழாவதில் இன்னொருவர் சொன்னதோடு முட்டும். அப்புறம் இடிபாட்டில் கிடைக்கும் துப்புக்கு என்ன மரியாதை? விடையே இல்லாத விடுகதையை யார் உட்கார்ந்து அவிழ்ப்பார்கள்?

ஊமைக்குயில்:
நான் பெரும்பாலும் ஆடுகிற ஆள், நடத்துகிற ஆள் இல்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். ட்ரூயிட் ஏன் அந்த மந்திரத்தைப் போட்டார் தெரியுமா? தண்ணீர்க் கணக்கு எழுதப் பிடிக்காமல். விதிப் புத்தகப்படி ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர், வெயில் காலத்தில் இரண்டு, சாப்பாடு ஒரு பவுண்டு. நாலு பேருக்கு, ஐந்து நாள் நடைக்கு, வெயிலில் நாற்பது காலன். பாதி செஷன் மளிகைக் கணக்கு எழுதியே போகும். விளையாட வந்தவர்கள் அதிலிருந்து தப்பிக்க வழி தேடத்தான் செய்வார்கள்.

அரைகுறைமந்திரவாதி:
சின்னத் திருத்தம். குட்பெர்ரி "போஷாக்கு" தரும் என்றுதான் இருக்கிறது, தாகம் தீர்க்கும் என்று இல்லை. இந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் குழுவில் இரண்டு பேர் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

பகடைஉருட்டி:
ஊமைக்குயில் சொல்வதுதான் சரி. பற்றாக்குறையை எண்களால் காட்ட முடியாது. மூன்று தோல்பை தண்ணீர் மட்டும் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். முக்கியமான இடத்தில் ஒன்றைக் கிழியுங்கள். போதும், காலன் கணக்கெல்லாம் வேண்டாம்.

கல்மண்டபம்:
தோல்பை யோசனையை ஏற்கிறேன், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறு. இடிபாடு இல்லாத மாய உலகம் எது? இந்த ஆட்டங்களில் வரும் நிலவறை என்பதே விழுந்துபோன ஏதோ ஒரு பேரரசின் மிச்சம்தான். அப்படிப் பார்த்தால் எல்லா மாய உலகமும் பேரழிவுக்குப் பிந்தையதுதான். பித்தனின் உலகம் எதில் வேறுபடுகிறது? 300 வருடம் என்பது பத்துப் பன்னிரண்டு தலைமுறை. அதற்குள் ஜனங்கள் பழகியிருப்பார்கள். அவர்களுக்கு அது வறட்சி இல்லை, வானிலை.

நிஜ வரலாற்றிலிருந்து ஒன்று சொல்கிறேன். கி.மு. 1200 வாக்கில் கிரேக்கத்தில் மைசீனிய அரண்மனைகள் எரிந்து விழுந்தன. லீனியர் பி என்ற அவர்களுடைய எழுத்தும் அதோடு போயிற்று. காரணம் எளிது. அதை எழுதத் தெரிந்தவர்கள் அரண்மனைக் கணக்கர்கள் மட்டும். எழுதியதும் காவியம் இல்லை. எத்தனை ஆடு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு வெண்கலம் என்ற பட்டியல். அரண்மனை போனதும் கணக்குக்கு வேலை இல்லை, கணக்கருக்கும் வேலை இல்லை. கிட்டத்தட்ட 400 வருடம் அந்த மண்ணில் எழுத்தே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் களிமண் பலகைகள் சுடாத பலகைகள். ஊரை எரித்த தீதான் அவற்றைச் சுட்டு இறுக்கிக் காப்பாற்றியது. 1952-இல்தான் அதை வாசிக்க முடிந்தது.

காரணத்தை எழுதுங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான். எது யார் கையில் மட்டும் இருந்தது என்று தெரிந்தால், எது தொலைந்தது என்று தெரியும். "பேரரசு விழுந்தது" என்றால் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "ஆட்டுக் கணக்கு எழுதத் தெரிந்த கடைசி ஆள் செத்துப்போனான்" என்றால் தெரிகிறது.

பகடைஉருட்டி:
அருமையான உதாரணம், ஆனால் அது எனக்குத்தான் சாதகம். மைசீனிய அரண்மனைகளை யார் எரித்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். காரணம் தெரியாமலே நீங்கள் எவ்வளவு சுவையாகச் சொல்லிவிட்டீர்கள் பாருங்கள்!

நானும் ஒன்று சொல்கிறேன். கி.பி. 537-இல் கோத் இனப் படை ரோமாபுரியை முற்றுகையிட்டு, நகரத்துக்கு நீர் கொண்டுவந்த மேல்கால்வாய்களை வெட்டியது. குளியல் கூடங்கள் காய்ந்தன. அதைவிடப் பெரிய இடி, மாவு அரைக்கும் ஆலைகள் அந்தத் தண்ணீரில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. நகரத்தைக் காத்துநின்ற தளபதி பெலிசாரியஸ் என்ன செய்தார்? டைபர் ஆற்றில் படகுகளை நிறுத்தி, ஆற்று ஓட்டத்தில் சுற்றும்படி ஆலைகளை அவற்றில் ஏற்றினார். எனக்கு வேண்டியது இந்தப் படகு ஆலைதான். அழிவின் கதை வேண்டாம், அடுத்த நாள் மாவு எப்படி அரைத்தார்கள் என்ற கதை வேண்டும். பித்தன், உங்கள் கிராமத்தில் மாவு எப்படி அரைக்கிறார்கள்?

வரைபடப்பித்தன்:
தெரியாது. யோசிக்கவே இல்லை. ஏழாம் சக்கரவர்த்தியின் மூன்றாவது மனைவி பெயர் தெரியும்.

ஊமைக்குயில்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

பழத்துக்கு வருவோம். குட்பெர்ரிக்கு ஒரு பொருள் தேவை என்று புத்தகத்திலேயே இருக்கிறது: புல்லுருவிக் கிளை. சாதாரணமாக யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, ட்ரூயிட்டின் கோல் அதற்கு ஈடாகிவிடும். ஒவ்வொரு முறையும் அந்தக் கிளை தீர்ந்துபோகும் என்று ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். அப்போது கோல் போதாது, கிளையே வேண்டும். புல்லுருவி தரையில் வளராது, உயிருள்ள மரத்தின் மேல்தான் ஒட்டி வளரும். மழை நின்ற உலகத்தில் உயிருள்ள மரம் எத்தனை? அது யார் காவலில்?

பகடைஉருட்டி:
அட!

கல்மண்டபம்:
இது நல்ல யோசனை. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், இது தடை இல்லை, காரணம். புல்லுருவி தான் ஒட்டியிருக்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சித்தான் வாழ்கிறது. பழம் வேண்டுமென்றால் மரம் நலிய வேண்டும். மரத்தைக் காப்பவர்கள் புல்லுருவியை வெட்டி எறியப் பார்ப்பார்கள், ட்ரூயிட் அதை வளர்க்கப் பார்ப்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பகடைஉருட்டி:
இதை நீங்கள் முன்கூட்டி எழுதவில்லை, பேச்சுவாக்கில் வந்தது. குறித்து வைத்துக்கொள்கிறேன்.

வரைபடப்பித்தன்:
ட்ரூயிட் ஆடுகிறவரிடம் நேற்றே பேசிவிட்டேன். சொல்லாமல் விதியை மாற்றினால் முகம் வாடிவிடும் என்று பயம். அவர் கோபப்படவே இல்லை. உடனே கேட்டது: "அப்படியென்றால் போன வாரம் நான் பழம் கொடுத்த ஆறு குழந்தைகளும் நான் திரும்பி வருவேன் என்று காத்திருப்பார்களே?" என் நாற்பது பக்கத்தில் இப்படி ஒரு வரி இல்லை.

முடிவு இதுதான். சனிக்கிழமை செஷன் ஒரு மரத்தடியில் தொடங்கும். ஒரு கிணறு, கைத்திருகை வைத்திருக்கும் ஒரு கிழவி, மரத்துக்குக் காவல் ஆறு பேர். நதி ஏன் அறுந்தது என்பதை ஒரே வரியில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லப் போவதில்லை.

கல்மண்டபம்:
எனக்கு மட்டுமாவது சொல்லலாம்.

பகடைஉருட்டி:
சொல்லாதீர்கள். அந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடுங்கள்.

அரைகுறைமந்திரவாதி:
எல்லாம் சரி. குழுவில் க்ளெரிக், அதாவது கடவுள் அருளால் மந்திரம் போடும் பூசாரி இருக்கிறாரா? ஐந்தாம் லெவல் வந்தால் அவருக்கு உணவும் நீரும் படைக்கும் மந்திரம் கிடைக்கும். ஒரே வீச்சில் 45 பவுண்டு சாப்பாடு, 30 காலன் தண்ணீர், பதினைந்து பேருக்கு ஒரு நாள். அதற்குப் புல்லுருவி, கோல், எந்தப் பொருளும் வேண்டாம். வாயும் கையும் இருந்தால் போதும்.

வரைபடப்பித்தன்:
இருக்கிறார். மூன்றாம் லெவலில் தொடங்கினோம். சனிக்கிழமை உயிரோடு முடித்தால் நாலு.