1948 ரயில் சத்தம்: டேப்பா, தட்டா?

ஒலிவேட்டை: எரிச்சலா வருது. நேத்து ஒரு வீடியோவுல ஒருத்தர் அடிச்சு விடறார், 1948ல பிரெஞ்சு ரேடியோ இன்ஜினியர் பியேர் ஷெஃபேர் பாரிஸ்ல ரயில் சத்தத்தை டேப்புல பிடிச்சு பிளேடால வெட்டி ஒட்டி இசை பண்ணாராம். டேப் இல்லைங்க, தட்டு, கிராமபோன் இசைத்தட்டு! பாட்டினோல் ஸ்டேஷன் எஞ்சின் சத்தத்தை தட்டுல தான் பதிஞ்சார். தட்டுல முள்ளு ஓடற பள்ளத்தோட வாலை அதோட தலையிலயே சேத்து விட்டா முள்ளு அதே இடத்துல சுத்தும், நிமிஷத்துக்கு 78 சுத்து வேகத்துல ஒரு சுத்து முக்கால் செகண்டு தான், அப்படித்தான் சத்தத்தை திரும்பத் திரும்ப வர வச்சாங்க.

டேப்ராஜா: இதுக்கு இவ்ளோ கோவமா? தட்டோ டேப்போ, பிடிச்ச சத்தத்தை அடுக்கினது தானே விஷயம். பதினஞ்சு வருஷமா ஃபீல்ட் ரெக்கார்டிங், அதாவது வெளியில போய் சத்தம் பிடிக்கிற வேலை பண்றேன், நாங்க எல்லாம் டேப்னு தான் சொல்லுவோம்.

ஒலிவேட்டை: அப்போ பதினஞ்சு வருஷமா தப்பா சொல்றீங்க. ஷெஃபேரோட ஸ்டுடியோவுக்கு டேப் வந்ததே 1951 வாக்குல. 1950ல இசையமைப்பாளர் பியேர் ஹான்ரியோட சேந்து அவர் போட்ட கச்சேரி கூட தட்டு தான்.

கம்பிக்காது: ரெண்டு பேரும் 1948லயே நில்லுங்க. 1944லயே கெய்ரோவுல எகிப்து இசையமைப்பாளர் ஹலீம் எல்-டப், ரேடியோ ஸ்டேஷன்ல ஒயர் ரெக்கார்டர் (கம்பியில சத்தம் பதியற மெஷின்) கடன் வாங்கி, ஸார்னு பேயோட்டற சடங்குல பொம்பளைங்க பாடறதைப் பிடிச்சு, ஸ்டுடியோவுல எதிரொலி சேத்து தனி பீஸே பண்ணிட்டார். ஐரோப்பாக்காரன் செஞ்சா தான் உங்களுக்கு கணக்கு.

ஒலிவேட்டை: முதல் ஆள்னு நான் எங்க சொன்னேன்? தட்டுன்னு சொன்னேன். மேல போய் படிங்க.

கம்பிக்காது: போன மாசம் நான் இதையே எழுதினப்போ "ஆதாரம் எங்க"ன்னு கேட்டது நீங்க தானே, மறக்கல.

சுருதிப்பெட்டி: ரயில் சத்தத்தை சுத்த விட்டா இசையாயிடுமா? பிரெஞ்சு கம்போசர் லூக் ஃபெராரி 1970ல ஒரு பீஸ் விட்டாரு, யூகோஸ்லாவியாவுல ஒரு மீன்பிடி ஊரு, விடியக்காலை, படகு, கழுதை, சில்வண்டு, இருபது நிமிஷம். ஜன்னல்ல மைக் வச்சவரெல்லாம் கம்போசரா? ஜெர்மன் கம்போசர் ஸ்டாக்ஹவுசன் 1956ல சின்னப் பையன் குரலையும் எலக்ட்ரானிக் சத்தத்தையும் இழைச்சாரே, அது உழைப்பு.

டேப்ராஜா: அக்கா, ஃபெராரி பல நாள் பிடிச்சதை ஒரே காலை மாதிரி கோத்திருக்கார், அது உழைப்பு இல்லையா? நானும் காசிமேட்டுல மூணு மணிக்கு எந்திரிச்சு நின்னவன், சும்மா சொல்லாதீங்க. ரெண்டு பேருமே டேப் தான், பாத்துக்கோங்க.

ஒலிவேட்டை: 1956 டேப், 1970 டேப், யார் மறுத்தா? 1948 தட்டு. தட்டுங்கறதால தான் ஷெஃபேரால வெட்டி ஒட்ட முடியாம, பல தட்டை ஒரே நேரத்துல ஓட்டி கலக்க வேண்டி வந்துச்சு, அந்த ஓசையே அப்படி பொறந்தது. அதைப் போய் "தட்டோ டேப்போ"ங்கறீங்க.

சுருதிப்பெட்டி: என் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

கம்பிக்காது: கெய்ரோவுக்கும் தான்.

டேப்ராஜா: அடுத்த மாசம் என் காசிமேடு பீஸ் வருது, "டேப் இசை"ன்னு தான் பேரு போடுவேன்.

ஒலிவேட்டை: போடுங்க. 1948ன்னு அதுல எழுதினீங்கன்னா அங்கயும் வருவேன்.