மதகுக்கு முறை இருக்கிறது, அலைக்கு இல்லையா?

நொய்யல்கரை:
கோவையில் உட்கார்ந்துகொண்டு கடல் வழக்கைப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். மூன்று வருடமாக மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிக் கிழக்குக் கடற்கரைக்குப் போய் வருகிறேன், அலைச்சறுக்குக்காக. சனிக்கிழமை விடிந்ததும் இறங்கினால் எட்டரை, ஒன்பது மணி வரைதான் கணக்கு. ஆடி மாதத்தில் காலையில் தரையிலிருந்து மேற்குக் காற்று வீசிக்கொண்டிருக்கிற வரைக்கும் அலை கண்ணாடி மாதிரி நிற்கும். கடல்காற்று திரும்பிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும்.

போன சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சர்ஃப் பள்ளி இருபத்தாறு பேரை இறக்கியது. எண்ணிப் பார்த்தேன். எல்லோருக்கும் நீல டீஷர்ட், ஆசிரியர்கள் மூன்றே பேர். நான் அலையைப் பிடித்து எழுந்து வலப்பக்கமாக வந்துகொண்டிருக்கிறேன். எனக்கு நேர் முன்னால் ஒருவரை ஆசிரியர் பின்னாலிருந்து தள்ளி விடுகிறார். அவர் எழுந்தார், இரண்டு கையையும் விரித்தார், சிரித்தார், விழுந்தார். எட்டடிப் பலகை என் புருவத்தில் வந்து நின்றது. நாலு தையல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அலை மொத்தமாக ஒரே நேரத்தில் உடையாது. ஓரிடத்தில் முதலில் மடியும், அங்கிருந்து பக்கவாட்டில் மடிந்துகொண்டே போகும். முதல் மடிப்புக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த அலை. ஒரு அலைக்கு ஒரு ஆள். அவர் எழுந்த பிறகு முன்னால் புகுந்தால் அதற்கு டிராப் இன் என்று பெயர். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், அடுத்தவன் முறைத் தண்ணீரை மடை திருப்புகிற வேலை. கீழ்பவானி வாய்க்காலில் இதைச் செய்தால் மண்வெட்டி பேசும்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த முறையைச் சொல்லிக் கொடுத்து, மணலிலேயே நாலு கேள்வி கேட்டு, பதில் சொன்னவரை மட்டும் ஆழத்துக்கு விட வேண்டும். மற்றவர்கள் இடுப்பளவு தண்ணீரோடு நிற்கட்டும்.

பனியன்_கம்பெனி:
அண்ணா, தையல் போட்டது கஷ்டந்தானுங்க. ஆனால் அந்த நீல டீஷர்ட்டுக்குள் இருந்தது நானாகவும் இருந்திருக்கலாம். இரண்டு மாதம் முன்பு திருப்பூரிலிருந்து ஒரு வண்டியில் ஒன்பது பேர் போனோம். மணலில் கால் மணி நேரம் பாடம். பலகையில் குப்புறப் படு, கையால் துழாவு, ஒரே மூச்சில் எழு. அவ்வளவுதான். நீச்சல் தெரியுமா என்றுகூட ஒருத்தர்தான் கேட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே. அப்புறம் தண்ணீர். நம்மைப் பிடித்து வைத்துக்கொண்டு, அலை வந்ததும் தள்ளிவிட்டு, "எழுங்க, எழுங்க" என்று கத்துகிறார்கள். எழுந்தேன். பக்கத்தில் யாராவது வருகிறார்களா பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்யவில்லை என்று என்னைத் திட்டினால் எப்படி?

இன்னொன்று. இடுப்பளவில் நில்லு, ஆழத்துக்கு வராதே என்று சொல்ல நீங்கள் யாருங்க? கடலுக்குப் பட்டா வாங்கி வைத்திருக்கிறீர்களா?

மேட்டுக்காடு:
ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போட்டும் காற்று வருகிற ஊரில் அலைக்குப் பஞ்சாயத்து. நடத்துங்கள், நடத்துங்கள்.

கோபிக்காரன்:
இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். நாலு வருடமாகக் கடற்கரையில் சர்ஃபிங் சொல்லிக் கொடுக்கிறேன். நொய்யல் அண்ணா சொல்கிற பள்ளி என்னுடையது இல்லை.

அண்ணா, நீங்கள் தப்பான ஆள் மேல் கோபப்படுகிறீர்கள். முதல் நாள் வந்தவர் பலகையில் குப்புறப் படுத்திருக்கிறார். கண் முன்னே பலகையின் மூக்கு, காதில் தண்ணீர், மனதில் பயம். அவருக்கு அலை எந்தப் பக்கம் மடிகிறது என்று எப்படித் தெரியும்? அந்த அலையை அவர் பிடிக்கவில்லை, ஆசிரியர் பிடித்துக் கொடுத்தார். நின்றபடி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஆசிரியர். அதனால் டிராப் இன் செய்தது தள்ளியவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இப்படி ஒரு தள்ளு தள்ளி, மூத்த ஆசிரியரிடம் வாங்கின வசவு இன்னும் காதில் இருக்கிறது.

மணலில் சொல்ல வேண்டியது எழுந்து நிற்பது மட்டும் இல்லை. விழுவதற்குத்தான் பாடம் முதலில். தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து வரும்போது இரண்டு கையும் தலைக்கு மேல் இருக்க வேண்டும், ஏனென்றால் பலகை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அலைக்கும் நமக்கும் நடுவில் பலகையை வைக்கவே கூடாது, அலை அதைத் தூக்கி நம் மூஞ்சியில்தான் போடும்.

பலகையை விட்டுவிட்டு முங்கிவிடக் கூடாது என்பது அடுத்தது. பலகையைக் காலோடு பிணைக்கிற கயிறு, லீஷ், கட்டியிருக்கிறதே என்பார்கள். எட்டடிப் பலகை, எட்டடிக் கயிறு, கூட்டினால் பதினாறு அடி. விட்ட பலகை உங்களைச் சுற்றிப் பதினாறு அடிக்குள் யாரை வேண்டுமானாலும் அடிக்கும். அந்தக் கயிறு 1970-களின் தொடக்கத்தில் வந்த புதிதில் ரப்பராக இழுபட்டுச் சுண்டும். வெட்சூட் என்கிற, குளிர்ந்த கடலில் போடும் ரப்பர் உடுப்புக்குப் பேர்போன ஜாக் ஓ'நீலுக்கு ஒரு கண் போனது அப்படித் திரும்பி வந்த பலகையால்தான். கயிறு பலகை தொலையாமல் இருக்க, அடுத்தவர் மண்டையைக் காக்க இல்லை.

இவ்வளவையும் சொல்ல அரை மணி நேரம் வேண்டும். ஆனால் சனிக்கிழமை வருகிற கூட்டம் அரை மணி நேரம் மணலில் நிற்காது. எப்போது போட்டோ எடுப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பள்ளிக்காரரும் அடுத்த செட்டு ஆள் காத்திருப்பதைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்.

நொய்யல்கரை:
கோபி தம்பி சொல்வது சரி. தள்ளியவர்தான் பொறுப்பு என்று இதுவரை யோசிக்கவில்லை, அந்த ஆள் சிரித்த முகம்தான் மனதில் நின்றது. ஆனால் முடிவு அதேதானே? மூன்று பேரால் இருபத்தாறு பேருக்கு அலை பார்த்துத் தள்ள முடியாது. ஆள் எண்ணிக்கையைக் குறை. அதற்கு மனசில்லாத பள்ளி, அலை உடைந்து வருகிற கரையோர நுரையோடு நிற்கட்டும்.

சென்னிமலைக்காரி:
எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டபோது எனக்கு ஆறு வயது. நீச்சல் கற்பதற்கு முன் கற்றது வேறு. மேலே நிற்பவர் கீழே பார்க்காமல் குதிக்கக் கூடாது. குதித்தவர் தலை வெளியே தெரிந்து, படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிய பிறகுதான் அடுத்தவர். அண்ணன் ஒருநாள் பார்க்காமல் குதித்துச் சித்தப்பா பையன் தோளில் விழுந்தான். ஒரு வாரம் அவனைக் கிணற்று மேட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை, சட்டம் எழுதி ஒட்டவில்லை.

போன கார்த்திகையில் என் இரண்டு பிள்ளைகளையும் கேரளத்து வர்க்கலா கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே சொல்லிக் கொடுத்தவர் முதல் நாள் பலகையே தரவில்லை. மணலில் உட்கார வைத்து இருபது நிமிடம் அலையை மட்டும் பார்க்கச் சொன்னார். எங்கே முதலில் மடிகிறது, எங்கே மடியவே இல்லை, தண்ணீர் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது. சின்னவன் சிணுங்கினான். ஆனால் உள்ளே போகிறவர்கள் அலை உடையாத அந்த ஓரப் பாதையில்தான் போகிறார்கள், நடுவில் குறுக்கே போவதில்லை என்று அவனேதான் கண்டுபிடித்துச் சொன்னான். "அம்மா, அது இட்டேரி மாதிரி" என்றான். காட்டுக்குள் பயிரை மிதிக்காமல் போக இட்டேரி இருக்கிற மாதிரி. எனக்கே தோன்றாத உவமை.

மேட்டுக்காடு:
பையனுக்கு இட்டேரி தெரிந்திருக்கிறதே, அதுவே பெரிசு.

வாலாங்குளம்:
நொய்யல் சார் கேட்கிற கட்டுப்பாடு யார் வயிற்றில் அடிக்கும் என்று யாராவது யோசித்தீர்களா? சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் சர்ஃப் பள்ளியைத் தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர். அந்தக் கரையில் சொல்லிக் கொடுக்கிற பையன்கள் பலரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். வலை இறங்காத நாளில் அவர்களுக்குச் சோறு போடுவது உங்கள் நாலு தையல் அல்ல, அந்த இருபத்தாறு டீஷர்ட்டுகள்தான். கூட்டம் இனிக் குறையவும் போவதில்லை. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே அங்கே நடந்து, நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஈரோட்டிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆள் கிளம்பத்தான் செய்யும். மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து போகிற நீங்களும் அந்தக் கரைக்கு ஒரம்பரைதான், விருந்தாளிதான். ஒரம்பரை வந்த வீட்டில் யார் எங்கே உட்காரணும் என்று சொல்வதில்லை.

கோபிக்காரன்:
வாலாங்குளம் சொன்னதில் பாதிக்குச் சரி. அந்தக் கரையின் முதல் முறை சர்ஃபர் முறையே இல்லை. விடியலில் மீன் பிடித்துத் திரும்பும் ஃபைபர் படகு கரையேறும்போது அந்த வழியில் ஒரு பலகையும் இருக்கக் கூடாது. படகு அலையின் மேல் ஏறிவிட்டால் அதற்கு நிறுத்தம் கிடையாது. படகு வருகிறது என்றால் நான் மாணவர்களை எல்லாம் பலகையோடு ஓரம் கட்டிவிடுவேன். அண்ணா, மூன்று வருடமாக வருகிறீர்களே, உங்களை மாதிரி நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அதைக் கவனிக்கிறார்கள்?

மீதிப் பாதிக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவருக்குத் தையல் விழுந்த செய்தி பரவினால் அடுத்த வாரம் எங்களுக்கும்தான் ஆள் வராது.

பனியன்_கம்பெனி:
முறை, முறை என்கிறீர்களே, அதையே பேசுவோம். எங்கள் மாமா தோட்டம் கீழ்பவானி வாய்க்காலில் பாய்கிறது. 2,07,000 ஏக்கர் பாசனம். தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பத்தாது என்று பாதிப் பாதியாக, 1,03,500 ஏக்கருக்கு ஒரு போகம், மீதிக்கு அடுத்த போகம். மதகில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று நம்பர் போட்டிருக்கிறது. தலைமடைக்காரன் பலசாலி என்பதற்காக இரண்டு போகமும் அவனுக்கு விடுவதில்லை.

உங்கள் அலை முறை அப்படியா? முதல் மடிப்புக்கு யார் பக்கமோ அவருக்கு என்கிறீர்கள். மூன்று வருடம் துழாவிய கைக்கு அந்த இடத்துக்குப் போக அரை நிமிடம். எனக்கு ஐந்து நிமிடம், போய்ச் சேருவதற்குள் மூச்சு போய்விடும். நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் நீளப் பலகையில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து உள்பக்கம், அதாவது முதல் மடிப்புக்குப் பக்கத்தில், போய் உட்கார்ந்துகொண்டார். ஆறு அலை, ஆறும் அவருக்கே. உங்கள் சட்டப்படி அவர் செய்தது சரி, நான் வாயைத் திறந்தால் தப்பு. இதற்குப் பெயர் முறையா? தலைமடைக்காரன் ராஜ்ஜியம். நாங்கள் கடைமடை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வொரு வருடமும் ரோட்டில் உட்காருகிற ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு இது புரியணும்.

நொய்யல்கரை:
இந்தப் பதிவை இரண்டு தடவை படித்தேன். வாய்க்காலை முதலில் இழுத்தவன் நான்தான், அதனால் வாங்கிக்கொள்கிறேன்.

சுற்றி வந்து உள்பக்கம் உட்காருவது எங்களிடையேயும் கெட்ட பேர் வாங்கித் தருகிற வேலை. பாம்பு மாதிரி வளைந்து வருவதால் ஸ்நேக்கிங் என்பார்கள். இரண்டு அலை எடுத்தவர் மூன்றாவதைப் பக்கத்தில் இருப்பவருக்கு விட்டுக் கொடுக்கணும். அதைச் செய்யாத பெரிய ஓட்டக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன், சில நாள் கண்ணாடியிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் தம்பி, மடிப்புக்கு அருகில் இருப்பவருக்கு முதலிடம் என்பது பங்கு பிரிப்பதற்காக வந்தது இல்லை, மோதாமல் இருக்க வந்தது. அங்கே எழுந்தவருக்குப் பின்னால் அலை இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது, முன்னால் போக ஒரே வழி. வெளியே, அலை இன்னும் மடியாத தோள்பட்டைப் பக்கம் இருப்பவருக்குத்தான் விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. அதனால்தான் அவர் விலகணும். மதகைப் பூட்டினால் தண்ணீர் நிற்கும். அலையைப் பூட்ட முடியாதே.

சென்னிமலைக்காரி:
அப்படியானால் மோதாமல் பார்த்துக்கொள்வது நுரையில் நிற்கிற கத்துக்குட்டிகளைப் பார்த்ததும் பலகையைத் திருப்பி வெளியேறுவதும்தானே அண்ணா? அவிநாசி ரோட்டில் எல் போர்டு வண்டி முன்னால் நின்றால் பின்னால் வருகிற பழைய டிரைவர்தான் பிரேக் போடுகிறார். எனக்கு முதலிடம் என்று இடிக்கிறாரா?

நொய்யல்கரை:
இல்லை. எல் போர்டை ரோட்டுக்குள் தள்ளி விடுகிற ஆளைத்தான் கேட்கிறேன்.

கோபிக்காரன்:
திரும்பவும் என்னிடமே வந்து நிற்கிறது. சரி.

பனியன்_கம்பெனி:
பேசிப் பிரயோஜனம் இல்லை, ஏதாவது செய்யலாம். கோபி அண்ணா, உங்கள் பள்ளிக்கு டீஷர்ட் எங்கே எடுக்கிறீர்கள்? பாலியெஸ்டர் லைக்ரா துணியில் முழுக்கை வைத்துத் தைத்துத் தருகிறேன். காட்டன் தண்ணீரில் கனத்துவிடும், ஆகாது. முதுகில் பெரிய எழுத்தில் "வலம் இடம் பார்த்து எழு" என்று பிரிண்ட் போட்டுவிடலாம். உப்புத் தண்ணீருக்குப் போகாத பிரிண்ட்.

கோபிக்காரன்:
முதுகில் எழுதினால் போட்டிருப்பவருக்குத் தெரியாதே தம்பி. தள்ளுகிற எனக்குத்தான் தெரியும்.

பனியன்_கம்பெனி:
அப்படியானால் வாசகத்தை மாற்றிக்கொள்வோம். "தள்ளும் முன் பார்".

நொய்யல்கரை:
நீலம் மட்டும் வேண்டாம். கடலோடு கலந்துவிடுகிறது. ஆரஞ்சு போடுங்கள்.

பனியன்_கம்பெனி:
ஆரஞ்சு ஸ்டாக் இருக்குதுங்ணா. எத்தனை பீஸ்?

கோபிக்காரன்:
எட்டு. ஒரு ஆசிரியருக்கு நாலு பேர், நாங்கள் இரண்டு பேர். அதற்கு மேல் இறக்குவதில்லை.

மேட்டுக்காடு:
ஒன்பதாகப் போடுங்கள். எனக்கு டபுள் எக்ஸ்எல்.