கப்பி மீனின் பின்புறத்தில் சிவப்பு நூல், பிராசிகுவாண்டல் (புழு மருந்து) போட்டும் போகவில்லை

செடித்தொட்டி60:
60×30×36 செ.மீ. தொட்டி. அடியில் அக்வாசாயில் (செடி வளர்க்கும் தொட்டி மண்), கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், முன்பக்கம் புல் மாதிரி படர்ந்த செடி. 18 கப்பி, 6 கோரிடோராஸ் (அடியில் மேயும் மீன்), கொஞ்சம் செர்ரி இறால். வெப்பம் 28 டிகிரி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0. நான்கு பெண் கப்பிகளின் கழிவுத் துளையிலிருந்து சிவப்பாக நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது, வயிறு ஒட்டிப்போய்விட்டது. பிராசிகுவாண்டல் இரண்டு முறை போட்டும் மாற்றமே இல்லை. உப்பு போடலாமா? செடியும் இறாலும் பிழைக்க வேண்டும்.

அடிமணல்:
முதலில் அது புழுதானா என்று உறுதி செய்யுங்கள். மீன் அசையாமல் நிற்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று இழைகள் தூரிகை நுனி மாதிரி விரிந்து வெளியே வந்து, மீன் நீந்தத் தொடங்கியதும் உள்ளே இழுத்துக்கொண்டால் அது கமலானஸ் என்ற குடல்புழு. சிவப்புத் தீவனம் தின்ற மலம் இப்படி உள்ளே போகாது. இழுபட்டுத் தொங்கி அறுந்து விழும்.

செடித்தொட்டி60:
உள்ளே போகிறது அண்ணா. மூன்று இழை, அரை செ.மீ. கூட இருக்காது.

அடிமணல்:
அப்படியானால் கமலானஸ்தான். இது உருளைப்புழு. பிராசிகுவாண்டல் தட்டைப்புழுவுக்கான மருந்து, அதனால்தான் பலன் இல்லை. உப்பும் வேண்டாம்: குடலுக்குள் இருக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது, செடிதான் கருகும். இடுக்கியால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். புழு வாயால் குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும், இழுத்தால் குடல் கிழியும்.

வேண்டியது லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மி.கி. கால்நடை மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் ஆக்சிகுளோசனைடு கலந்ததைத்தான் எடுத்துத் தருவார்கள். அது வேண்டாம், லெவமிசோல் மட்டும் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஐவர்மெக்டினைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இறால் மொத்தமும் போய்விடும், மீனுக்கும் ஆபத்து.

கணக்கு: மண்ணுக்கு மேல் தண்ணீர் 30 செ.மீ. என்று வைத்தால் 54 லிட்டர், ஃபில்டரோடு 55. அதற்கு 110 மி.கி. போதும். 150 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து 150 மி.லி. தண்ணீரில் நன்றாகக் கலக்கினால் 1 மி.லி.க்கு 1 மி.கி. மருந்து கரைந்திருக்கும், சக்கை அடியில் தங்கும். தெளிந்த நீரில் 110 மி.லி. அளந்து, தொட்டி முழுவதும் பரவலாக ஊற்றுங்கள். பொடியாகக் கிடைத்தால் உறையில் உள்ள சதவீதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 30 சதவீதப் பொடி என்றால் 1 கிராமில் 300 மி.கி.தான் மருந்து.

மாலையில் விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். வெளிச்சத்தில் மருந்து சிதையும், அதனால் 24 மணி நேரம் தொட்டியைத் துணியால் மூடி வையுங்கள். ஃபில்டரில் கார்பன் (மருந்தை உறிஞ்சிவிடும் கரி) இருந்தால் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள், ஸ்பாஞ்ச் அப்படியே ஓடட்டும். அன்று தீவனம் வேண்டாம்.

பாசிப்பச்சை:
ஒன்று விட்டுப்போயிற்று. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள். இருட்டில் செடி அதை எடுக்காது, தானும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். விடிவதற்குள் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும்.

கிரிப்டோகோரைன், ஃபெர்ன் எதற்கும் இந்த மருந்தால் கேடில்லை. இந்த அளவை இறாலும் நத்தையும் தாங்கும்.

அடிமணல்:
சரியாகச் சொன்னீர்கள். அடுத்தது சைஃபன் (குழாயால் அடி அழுக்கை உறிஞ்சி எடுப்பது), பலர் கோட்டைவிடும் இடம். லெவமிசோல் புழுவைக் கொல்வதில்லை, முடக்குகிறது. பிடி விட்டுக் கீழே விழும் பெண்புழுவின் வயிற்றில் உயிருள்ள குஞ்சுப்புழுக்கள் இருக்கும். கோரிடோராஸ் அடியைக் கிளறி அதைத் தின்றால் மறுபடி முதலிலிருந்து. அதனால் 24 மணி நேரம் முடிந்ததும் அடியை உறிஞ்சி 50 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள். அக்வாசாயிலுக்குள் குழாயைக் குத்தினால் கலங்கிவிடும். புல்லுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, கையால் விசிறியபடி மெதுவாக நகர்த்துங்கள். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம், மருந்துத் தண்ணீர்.

மூன்று வாரம் கழித்து இதே முறையை அப்படியே திரும்பச் செய்யுங்கள். நோயுள்ள மீனை மட்டும் வாளியில் போட்டு மருந்து கொடுத்துப் பயனில்லை, குஞ்சுப்புழு தொட்டித் தரையில்தான் இருக்கிறது.

செடித்தொட்டி60:
முதல் சுற்று முடிந்தது. மீன், இறால் எல்லாம் நலம். ஒரு கப்பிக்கு மட்டும் இழை இன்னும் தொங்குகிறது, ஆனால் வெளுத்துவிட்டது, உள்ளே போகவும் இல்லை. இன்னொரு மாத்திரை போடட்டுமா?

அடிமணல்:
வேண்டாம் தம்பி. அது பிடி விட்ட புழு, இரண்டு மூன்று நாளில் மலத்தோடு வந்துவிடும். நாளை கொஞ்சமாகத் தீவனம் போடுங்கள், குடல் அசைந்தால் தள்ளிவிடும். விழுந்தவுடன் உறிஞ்சி எடுங்கள். இந்தத் தொட்டி வலையையும் குழாயையும் மூன்று வாரத்துக்கு வேறு தொட்டியில் விடாதீர்கள்.