குழாய் சொட்டுது, பிளம்பர் மொத்தமா மாத்தணும்ங்கிறார்

மாடிவீடு: பாத்ரூம் குழாய் இறுக்கி மூடினாலும் சொட்டுது. குழாயையே மாத்தணுமாம். தேவையா?

மரைதிருகி: குழாயோட உடம்புல விரிசல் இல்லேன்னா வேண்டாம். பல சுத்து திருகுற பழைய மாடல்னா உள்ளே இருக்கிற வாஷரை (ரப்பர் வளையம்) மாத்தினா பெரும்பாலும் போதும். கால் சுத்துல மூடுறதுன்னா உள்ளே செராமிக் டிஸ்க் ஸ்பிண்டில் (கைப்பிடியோட சேர்ந்து திரும்பித் தண்ணியை அடைக்கிற பாகம்), அதை மட்டும் மாத்தலாம். பழசைக் கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. ஸ்பிண்டில் நீளமும் கைப்பிடி மாட்டுற பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கேட்வால்வு: கூலி தனி, சாமான் தனின்னு முதல்லயே பேசிடுங்க. ஆள் வர்றதுக்கு முன்னாடி மொட்டைமாடி டேங்க் வால்வு மூடுதான்னு பாருங்க. வருஷக்கணக்கா தொடாம இருந்தா இறுகிப்போயிருக்கும்.

மரைதிருகி: புதுக் குழாயே போட்டாலும் டெஃப்லான் டேப்பை (கசியாம இருக்க மரையில சுத்துற மெல்லிசு டேப்) மரை ஏறுற திசையிலதான் சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்தினா முறுக்கும்போதே உரிஞ்சுடும். ரொம்ப முறுக்கவும் விடாதீங்க. சுவருக்குள்ள பிளாஸ்டிக் எல்போ (பைப் வளைவு) விரிசல் விட்டா டைல்ஸைத்தான் உடைக்கணும்.